பாதையில் ஏறிய ஏற்றம்

ஈரப் பலகையும் டீசல் புகையும் கலந்த வாசனை... அது எங்கே மூக்கில் பட்டாலும் எனக்கு மேகலாவின் ஞாபகம்தான் வரும்.

வாவியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பில் 'பாதை' என்றால் தெரு மட்டுமல்ல. இரண்டு வள்ளங்களைச் சேர்த்து, மேலே பலகை அடித்து, ஆளையும் சைக்கிளையும் மாட்டையும் அக்கரைக்குக் கொண்டுபோகிற மிதவைக்கும் அதுதான் பெயர்.

மேகலா வாவிக்கு அக்கரையில், படுவான்கரைப் பிள்ளை. பாதையில் இக்கரைக்கு வந்து, பஸ் பிடித்து, புளியந்தீவுக்கு ஏ.எல். பிஸிக்ஸ் டியூஷனுக்கு வருவாள். வழியில் நான் ஏறும்போது பக்கத்து சீட்டில் கொப்பியை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். தோழிகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'கா' என்று கூப்பிட்டுக்கொண்டு, இறங்கும் வரைக்கும் வாய் மூடமாட்டோம்.

ஒருநாள் டியூஷனில் பிஸிக்ஸ் சேர் அவளை எழுப்பினார்.

"நேர் மின்னேற்றம் ஒண்டு, நேரான பாதையில, சீரான வேகத்தில போகுது. அதைச் சுத்திக் காந்தப்புலம் வரும். போர்ட்டில கீறுங்க பாப்பம்."

அவள் வெண்கட்டியை எடுத்தாள். முதலில் அலை கீறினாள். அலைக்கு மேல் இரண்டு வள்ளம், வள்ளத்துக்கு மேல் பலகை. பலகையின் நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் '+' என்று ஒரு சக அடையாளம்...

ஒவ்வொரு வாரமும் ஏறி வருகிறவள். 'பாதை' என்றதும் கை அதைத்தான் கீறியது.

டியூஷன் கொட்டில் அதிரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள் ஒரு குரல், "சேர், ஏற்றத்துக்கு நீந்தத் தெரியுமா?"

அந்தக் குரல் என்னுடையது.

அவள் எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். திரும்பவில்லை. சிரிப்பு அடங்கியதும் மெல்லக் கேட்டாள். "சேர், பாதையில ஏற்றத்தோட சேந்து போற ஆளுக்கும் காந்தப்புலம் இரிக்குமா?"

"அது சோதனைக்கு வராது. போய் இருங்க" என்றார் சேர்.

அடுத்த வாரம் பஸ்ஸில் அவள் இல்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. அந்த சீட்டில் யாரோ மரக்கறிப் பையோடு உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாதை புறப்படும் துறைக்குப் போனேன். எனக்கு நீந்தத் தெரியாது, தண்ணீர் என்றால் பயம், அதுவரை பாதையில் கால் வைத்ததில்லை. ஓரக் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அக்கரை சேர்ந்து, அவள் வீட்டை விசாரித்துப் போனேன்.

மேகலா வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "நான் இனி வரல்ல கா. ஆர்ட்ஸுக்கு மாறப் போறன்."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பதிலாக, "அண்டைக்கு நீ கேட்டதுக்கு விடை என்ன?" என்றேன்.

அவள் உள்ளே போய்ப் பிளாஸ்டிக் சீப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, துறைக்கு என்னோடு நடந்தாள். பாதையில் ஏறி அது நகரத் தொடங்கியதும் சீப்பைத் தலையில் பரபரவென்று தேய்த்துப் பிடித்தாள்.

"இப்ப இதில ஏற்றம் இரிக்கு. நாம இதோட சேந்து போறம். நமக்கு இது சும்மா நிக்கிது. நிக்கிற ஏற்றத்தைச் சுத்தி மின்புலம் மட்டும்தான். அங்க பாரு, கரையில வலை உதறுறாரே, அவருக்கு இது ஓடுற ஏற்றம். ஓடினா மின்னோட்டம் மாதிரி. அவருக்குக் காந்தப்புலமும் இரிக்கு."

"அப்ப ஆரு சொல்றது சரி?"

"ரெண்டு பேரும் சரிதான். அவரவர் போற போக்கைப் பொறுத்தது."

எந்த ஊசியையும் அசைக்காத அளவு சின்னக் காந்தப்புலம்தான். பாவம், அந்த மனிதர் ஒன்றும் அறியாமல் வலையை உதறிக்கொண்டிருந்தார். நாங்கள் அவரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நான் கம்பியை விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் பஸ்ஸில் எனக்கு சீட் இருந்தது. ஆனால் அந்தக் குரல் என்னுடையது என்று மட்டும் நான் சொல்லவேயில்லை. சொன்னால் மறுபடி வராமல் விடுவாளோ என்ற பயம்.

இப்போது அந்தத் துறையில் பாலம் வந்துவிட்டது. மேகலா நோர்வேயில் பிள்ளைகளுக்கு பிஸிக்ஸ் படிப்பிக்கிறாள். போன கிழமை பாலத்தில் நின்று வீடியோ கால் எடுத்து அவளுக்கு வாவியைக் காட்டினேன். என்ன நினைத்தேனோ, இத்தனை வருஷம் சொல்லாததைச் சொல்லிவிட்டேன்.

"மேகலா, அண்டைக்கு நீந்தத் தெரியுமா எண்டு கேட்டது நான்தான்."

அவள் கொஞ்சமும் அசரவில்லை.

"உன்ட குரல் எனக்குத் தெரியாதா கா? ஒவ்வொரு கிழமையும் பஸ்ஸில காதுக்குள்ள கேட்ட குரல்."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கல்ல?"

"நீந்தத் தெரியாதவள் பாதையேறி வந்து நிண்டாய். அதுக்கு மறுகா உன்னட்ட என்னத்தக் கேக்கிற?"

கண் நிறைந்ததை அவள் பார்க்காமல் இருக்க, போனை வாவிப் பக்கம் திருப்பினேன்.

இப்போது அக்கரைக்கு ஆட்டோவில் ஒரு நிமிஷம்தான். அந்தப் பாதை ஊர்ந்து போன நேரத்துக்குள் நான் எத்தனை தடவை மன்னிப்புக் கேட்டிருக்கலாம்... பேசி முடித்த பிறகு, காத்திருந்த ஆட்டோவை அனுப்பிவிட்டு, அக்கரை வரைக்கும் மெதுவாக நடந்து போனேன்.