பொலிஸ் மாமாவின் எட்டுச் செலவு

கிளிநொச்சி வீதியில் பொலிஸ்காரர் கைகாட்டி மறித்தால் மற்றவர்கள் பதறிப்போய் லைசன்சைத் தேடுவார்கள். எனக்கு மட்டும் இன்றைக்கும் சிரிப்புத்தான் வரும். எல்லாம் சின்ன மாமா பழக்கிவிட்டது.

அம்மாவின் கடைசித் தம்பி அவர். சண்டை முடிந்து சில வருடங்களில் பொலிஸ் வேலைக்குப் போனார். லீவில் வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்தால் படலையடியில் நின்று என் சைக்கிளை மறிப்பார்.

"பிள்ளை, லைசன்சை எடுங்கோ."

இல்லையென்றால் தண்டனை உண்டு. அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வளவைச் சுற்றவேண்டும். அந்த உடம்பை வைத்து நான் மிதித்த மிதி எனக்குத்தான் தெரியும். ஆனாலும் அவர் எப்போது வருவார் என்று படலையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பாவுக்குத்தான் மாமா ஆகாது. காக்கிச் சட்டையிடம் நாங்கள் பட்டது போதாதா என்பது அவருடைய கட்சி. மாமா வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவரோடு ஒரு சொல் கதைத்ததில்லை. அப்பா விறாந்தையில் இருந்தால் மாமா பின்பக்கத்தால் வந்து குசினிக்குள் குந்திச் சாப்பிடுவார். அப்பா உள்ளே வந்தாலோ, சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பி வெளியே போய்விடுவார். எனக்கு அது ஒளித்துப் பிடிக்கிற விளையாட்டாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் வவுனியாப் பக்கம், களவாக மணல் ஏற்றிவந்த டிப்பர் லொறி ஒன்றை மாமா கைகாட்டி மறித்தார். அது நிற்கவில்லை.

சுடலையில் பொலிசார் வைத்த மரியாதை வேட்டு எங்கள் வீடுவரை கேட்டது. செத்தவீட்டில் நின்ற பெண்களில் பாதிப்பேர் சண்டைக்காலப் பழக்கதோஷத்தில் நிலத்தில் குந்திவிட்டார்கள். நான் சிரித்துவிட்டேன். பிறகுதான் மாமா இனி வரமாட்டார் என்று அழுகை வந்தது.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைப்பார்கள். அம்மா புட்டும் கணவாய்க் கறியும் ஆக்கி, வாழையிலையில் படைத்தார். மாமா வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். அப்பாவை மட்டும் காணவில்லை. சன்னலால் எட்டிப் பார்த்தேன். இலைக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

எனக்குப் பதறிவிட்டது.

"அம்மா, அப்பாவை வெளியிலை கூப்பிடுங்கோ! அவர் இருந்தா மாமா உள்ளுக்கை வரமாட்டார்."

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தார்.

"கூப்பிடாதை பிள்ளை. அவர் கதைச்சுப்போட்டு வரட்டும்."

"சாப்பிடு மச்சான்" என்று அப்பா சொன்னது கேட்டது. பிறகும் என்னவோ சொன்னார், அழுகையில் விளங்கவில்லை.

கதவு திறந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய் இலையைப் பார்த்தேன். கணவாய்க் கறி வைத்தது வைத்தபடி கிடந்தது. அப்பாவால்தான் மாமா பசியோடு திரும்பிப் போய்விட்டார் என்று எனக்கு அப்படியொரு கோபம். அந்த மாதம் முழுக்க நான் அப்பாவோடு கதைக்கவில்லை.