தூத்துக்குடிக்குச் சீலாமீன் சாப்பிடப் போன கதை

தூத்துக்குடிக்குப் போய் நல்ல மீன் சாப்பிட வேண்டும் என்று சிலர் என்னிடம் வழி கேட்கிறார்கள். நானும் என் மனைவி பிலோமினாவும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் நடுவில், ஒரு தை மாதம், அதற்காகவே போனோம். அன்றைய ரயில் வேறு, ரோடு வேறு. ஆனாலும் போனதை அப்படியே எழுதுகிறேன்.

நான் அப்போது நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்குப் பூ ஏற்றிவரும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். செம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். பிலோமினா தூத்துக்குடிக்காரி, திண்டுக்கல்லுக்கு நர்ஸ் வேலைக்கு வந்தவள். நான் இந்து, அவள் கிறிஸ்தவள். ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டோம். என் வீட்டில் ஒரு வருஷத்தில் சமாதானம் ஆகிவிட்டார்கள். அவளுடைய அப்பா தோணி ஓட்டும் தண்டல், கோபக்காரர். இனி வாசலை மிதிக்கக் கூடாது என்று சொல்லியனுப்பிவிட்டார். மூன்று வருஷமாக அங்கிருந்து ஒரு சொல் கிடையாது.

அந்தத் தையில் அவளுக்கு ஐந்தாம் மாதம். எதைத் தின்றாலும் குமட்டியது. கண்மாய்க் கெண்டை வாங்கி வந்தால் சேற்று வாடை என்பாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போய்விட்டது. ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "கடல்மீன் ஒரு வாய் தின்னா பொழச்சுக்குவேன் போலருக்கு" என்றாள்.

"அம்புட்டுத்தானே? கிளம்பு, தூத்துக்குடிக்கே போயித் தின்னுட்டு வருவோம்."

"எங்க வீட்டுப் பக்கம் போகக் கூடாது."

"வீட்டுக்கு யாரு போறா? ஹோட்டல்ல சாப்புடுவோம்."

விடியற்காலை ரயில் ஏறினோம். மதுரை, விருதுநகர், கோவில்பட்டி தாண்டி மணியாச்சியில் வண்டி மாற வேண்டும். எல்லாம் சேர்த்து நூற்று முப்பது மைல் இருக்கும். உப்பளங்கள் கண்ணில் பட்டதும் பிலோமினா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள். அதுவரை படுத்தேதான் வந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிக்காரரிடம், நல்ல மீன் சாப்பாடு எங்கே என்று கேட்டேன். "ஏறுங்க, இன்னைக்கு சீலா நல்லா பட்டிருக்கு" என்று துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கூரைக்கடையில் இறக்கிவிட்டார். சீலாமீன் குழம்பு, பொரித்த துண்டு, சூடான சோறு. நான் என் இலையைப் பார்க்கவே இல்லை. அவள் முதல் வாய் வைத்தாள், நிறுத்தினாள், மறுபடி பிசைந்தாள். குமட்டவில்லை. மறுசோறு வாங்கினாள். நாலு மாதத்தில் அவள் வயிறார உண்டது அன்றுதான்.

சாயங்காலம் மக்ரூன் வாங்க ஒரு பேக்கரிக்குப் போனோம். முந்திரியும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்வது, வாயில் கரைந்துவிடும். கடைக்காரர் பொட்டலம் கட்டியபடியே அவளை உற்றுப் பார்த்தார்.

"நீ தண்டல் மகதானம்மா? அப்பாவோட முப்பதாம் நாள் பூசைக்கு வந்தியா? நாளைக்குக் காலைலதான?"

பிலோமினா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். எப்படி என்று நான்தான் கேட்டேன். நெஞ்சுவலி, வீட்டிலேயே போய்விட்டார் என்றார் அவர்.

கடற்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் அழவில்லை. "எனக்குச் சொல்லிவிடல" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். பிறகு, "காலைல பூசைக்குப் போறேன்" என்றாள்.

"உங்க ஆளுக ஏதாச்சும் சொன்னா?"

"அது கோயில் வாசல். யாரும் எனக்குத் தடை சொல்ல முடியாது."

மறுநாள் மாதா கோயிலில் கடைசி வரிசையில் நின்றோம். பூசை முடிந்து அவள் அம்மா முக்காட்டோடு வெளியே வந்தார். மகளைப் பார்த்தார், அவள் வயிற்றைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற அண்ணன் அந்தோணி குரலைத் தாழ்த்தி, "அம்மா, அப்பா சொன்னத மறந்துட்டியா?" என்றார்.

"மறக்கலடா. அவுக பேச்சுக்காகத்தான் சாவச் சொல்லிவிடாம இருந்தேன். நெஞ்சு வெந்துபோச்சு. பிள்ளத்தாச்சியப் பட்டினியாத் திருப்பி அனுப்பச் சொல்லல உங்கப்பா. வாங்க ரெண்டு பேரும்."

தெருவில் நடக்கும்போதுதான் பிலோமினா அழுதாள். அம்மா அவள் கையை விடவே இல்லை.

வீட்டில் வந்தவர்களுக்கெல்லாம் பந்தி போட்டிருந்தார்கள். அந்தோணிதான் பரிமாறினார். தங்கை இலையில் மீனை வைத்துவிட்டு என் முன்னால் வந்து வாளியோடு நின்றார். நான் வேண்டாம் என்பதுபோல இலைமேல் கையை விரித்தேன்.

"கைய எடுங்க மச்சான்" என்றார். பெரிய துண்டாகப் பார்த்து வைத்தார்.

வைகாசியில் பிரசவத்துக்கு அத்தை திண்டுக்கல் வந்து, இரண்டு மாதம் எங்களோடு இருந்தார். பெண் குழந்தை, நல்ல சுகம்.

போகிறவர்கள் தை, மாசியில் போங்கள், வெயில் தாங்கும்படி இருக்கும். மீன் சாப்பாட்டை மதியத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். கடையைவிட வண்டிக்காரர் பேச்சை நம்புங்கள். மக்ரூனைக் காற்றுப் புகாத டப்பாவில் கொண்டுவராவிட்டால் வழியிலேயே நமத்துவிடும். அந்த ஊரில் பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தம் இருந்தால், ஹோட்டலுக்கு முன்னால் அங்கே போங்கள்.

இதை எழுதி பிலோமினாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசம் முந்திப் போயிருந்தா அப்பாவையும் பாத்திருப்பேன். அதையும் எழுதுங்க" என்றாள்.