சாம்பல் நிறச் சமையலறை

செக்காலை ரோட்டில் ஒரு மாடி. காரைக்குடி இன்டீரியர் டிசைனர்களைப் பற்றிப் பத்திரிகைக்கு எழுத வந்தவன், செல்வியின் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கோட்டையூர் வீடொன்றுக்கு அவர் வரைந்த சமையலறை திரையில் தெரிகிறது: வெள்ளைத் தரை, சாம்பல் நிற அலமாரிகள்.

“தரைக்குப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல் போடக்கூடாதா? ஊரோட அழகை நீங்களே கெடுக்கலாமா?” என்கிறேன், கொஞ்சம் சூடாகவே.

செல்வி சிரிக்கிறார். “வீட்டுக்கார அக்கா அதைத் தொடச்சுத் தொடச்சு அலுத்துட்டாக. உங்க வீட்டுல என்ன போட்டிருக்கீக?”

மழுப்பத் தெரியாமல் போனை நீட்டுகிறேன். மகளின் பிறந்தநாள் படம். கேக்குக்குப் பின்னால் எங்கள் சென்னைச் சமையலறை: வெள்ளைத் தரை, சாம்பல் அலமாரிகள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். “இந்தக் கலரைத்தான் அந்த அக்கா தேடுறாக. அலமாரி மேல ஒட்டியிருக்க லேமினேட் ஷீட்டோட நம்பரை அனுப்பி விடுறீகளா?”

கேலியே இல்லை அந்தக் குரலில். காது சுட, குனிந்தபடியே தலையாட்டுகிறேன்.