அரைஞாண் கயிற்றை அவிழ்த்தவர்

சோறிட்டவர் வீண்பழி சுமந்த செய்தியைப் பதிவுசெய்வது கடமையெனக் கருதுகிறேன்.

அவனியாபுரத்தில், எடை வரம்புள்ள கபடிப் போட்டியொன்றில் அந்த ஆட்டக்காரரைக் கண்டேன். ஒடிசலான உடல், அரைஞாண் கயிற்றையும் அவிழ்த்துவிட்டே எடைப்பொறியில் ஏறினார். ஆயினும் எடை மிகுந்திருந்ததால் விலக்கப்பட்டார்.

“எடையக் கொறைக்க நேத்து அம்புட்டு ஓடியும் கூடிருச்சுங்கய்யா. எங்கக்கா ஊத்துன கறிக்கொழம்புதான். காலையில வீட்டுல எடை பாத்ததுமே அவள கண்டபடி வஞ்சுட்டு வாரேன்.”

“தம்பி, வழக்கத்தை மீறி ஓடினால், நொந்த தசைகள் நீரைப் பிடித்துவைக்கும். ஓரிரு நாளில் வடிந்துவிடும். கொழுப்பன்று,” என்றேன், ஆறுதலாக.

அவர் முகம் வாடியது. “அப்ப அக்காவ வீணாவா வஞ்சேன்?”

“போயி கால்ல விழு மாப்ள. அப்பிடியே எனக்கும் கொழம்பு வாங்கியா,” என்றார் உடன் வந்திருந்த அவர் தோழர்.

ஆட்டக்காரர் சிரிக்கவில்லை. அரைஞாணை அரைகுறையாக முடிந்துகொண்டு வீட்டுக்குக் கிளம்பினார். தமக்கையிடம் என்ன சொன்னாரோ, அறியேன். என் விளக்கத்தில் பிழையிருப்பின், அறிந்தோர் திருத்தியருள்க.