டிஷ்யூ வைத்த மேசை

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு ஹாஸ்கல் என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொள்ளும் ஆசை வந்தது. அலுவலகத்தில் யாரும் கற்கச் சொல்லவில்லை. இதற்கு முன் யுகலேலே வாசிக்கும் ஆசை வந்தது, ரொட்டி சுடும் ஆசை வந்தது, மீன்தொட்டி ஆசையும் வந்தது. எல்லாம் எங்கள் ஈசூன் வீட்டு ஸ்டோர் ரூமில் பத்திரமாக இருக்கின்றன, மீன்களைத் தவிர.

முதலில் அதை வைத்து நானே ஒரு குட்டி மொழியை உருவாக்கினேன். அதற்குக் காப்பிக்கடை ஆர்டர்கள் மட்டும்தான் புரியும். 'கோப்பி ஓ கோசோங்' என்று தட்டினால் 'கடுங்காப்பி, சீனி இல்லை' என்று பதில் வரும். மூன்று வார உழைப்பு. பெருமையோடு மனைவியிடம் காட்டினேன்.

"சரி, கோப்பி எங்க?" என்றாள்.

அப்புறம்தான் பந்தயம். அடுத்த ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் நான் ஹாஸ்கலில் ஒரு கணினி விளையாட்டை எழுத வேண்டும். அவள் விளையாடிப் பார்க்கும்போது அது ஒழுங்காக ஓட வேண்டும். ஓடினால் இனி ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கும் ஹாஸ்கலுக்கும். ஓடாவிட்டால் அவளோடு சமூக மன்றத்து ஸும்பா நடன வகுப்புக்குப் போக வேண்டும். என் கல்யாணத்திலேயே ஆடாதவன் நான். உயிரைக் கொடுத்து எழுதினேன்.

விளையாட்டு இதுதான்: கூட்டமான உணவங்காடியில் காலி மேசை பிடித்து, டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு, சாப்பாடு வாங்கி வர வேண்டும். டிஷ்யூ இருக்கும் மேசையில் இந்த ஊரில் யாரும் உட்கார மாட்டார்கள். என் விளையாட்டில் உட்கார்ந்தார்கள்.

"என்னங்க இது, டிஷ்யூ வச்ச இடத்துல ஆன்ட்டி வந்து உக்கார்றாங்க லா!" என்று ஞாயிறு காலை அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மதியம்வரை தேடியும் தப்பு அகப்படவில்லை. பசி வந்ததும் தேக்கா உணவங்காடிக்குக் கிளம்பினோம்.

ரயிலில் அவளுக்கு விளக்கினேன். ஹாஸ்கலில் ஒரு பொருளைச் செய்துவிட்டால் பிறகு அதை மாற்ற முடியாது. மேசையில் டிஷ்யூ வைக்க வேண்டுமென்றால், டிஷ்யூ வைத்த புதிய மேசை ஒன்றைத்தான் செய்ய வேண்டும். பழையது காலியாகவே கிடக்கும். நியூட்டனில் ரயில் மாறும்போதும் நான் நிறுத்தவில்லை. மீன்தொட்டிக் காலத்தில் வைத்திருந்த அதே பொறுமை முகத்தோடு அவள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

தேக்காவில் ஒரு மேசையில் டிஷ்யூ வைத்தேன். அவள் டீ வாங்கப் போனாள், நான் பிரியாணி வரிசையில் நின்றேன். இரண்டு தட்டுகளோடு திரும்பினால், அந்த மேசையில் ஒரு பெரியவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இது நாங்க டிஷ்யூ வச்ச மேசை."

"இங்க ஒண்ணும் இல்லையே தம்பி. காலியாத்தான் இருந்துச்சு."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. தட்டுகளோடு குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன்.

"என்னங்க! இங்க!" மின்விசிறிக்குக் கீழே வேறொரு மேசையிலிருந்து மனைவி கையாட்டினாள். "டிஷ்யூவ எடுத்துட்டு வந்து இங்க வச்சுட்டேன். மெசேஜ் போட்டேனே, பாக்கலியா? இன்னும் பழைய மேசையையே பிடிச்சுட்டு நிக்கிறீங்க!"

அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. டிஷ்யூ வைத்த புதிய மேசையை நிரல் ஒவ்வொரு முறையும் ஒழுங்காகச் செய்து கொடுக்கிறது. நான்தான் அதைக் கண்டுகொள்ளாமல், அடுத்த சுற்றுக்குப் பழைய காலி மேசையையே அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினேன்.

"மேசையையா?" என்றார் பெரியவர்.

வீட்டுக்கு வந்து ஒரே ஒரு வரியை மாற்றினேன். ஐந்தரை மணிக்கு அவள் நான்கு முறை விளையாடினாள். டிஷ்யூ வைத்த இடத்தில் ஒருவரும் உட்காரவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"ஜெயிச்சுட்டேன்ல?"

"ஓடுது. ஆனா பழைய மேசைன்னு சொன்னது யாரு?"

தப்பைக் காட்டிக்கொடுத்ததே அவள்தான் என்று ஒப்புக்கொண்டு, ஸும்பாவுக்கு ஷூ தேட ஸ்டோர் ரூமுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு சமூக மன்றத்தில் இருபது ஆன்ட்டிகளும் இடதுபக்கம் திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் கைகளைத் தூக்கியபடி வலதுபக்கமே நின்றேன். முன்வரிசையிலிருந்து மனைவி கத்தினாள்:

"என்னங்க, பழைய மேசை!"