லண்டனிலிருந்து வந்த ஒரு மணி நேரம்

அடியார்களே, என் மனைவி ராஜேஸ்வரிக்கு அன்று பகல் இரண்டு மணிக்கு இதய அறுவை சிகிச்சை. லண்டனிலிருந்து எங்கள் மகன் குமரன் வந்து சேர இரண்டே முக்கால் ஆகும். அந்த முக்கால் மணி நேரம் என்னைக் கொன்றது.

மார்ச் கடைசி சனிக்கிழமை, திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டு வாசலில் அவள் மயங்கி விழுந்தாள். செங்கல்பட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். வால்வு கெட்டுவிட்டது, திங்கள் இரண்டு மணிக்கு மேல் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர். அவளோ கையெழுத்துப் போட மறுத்தாள்.

"நவம்பர்ல புள்ளைய திட்டி அனுப்புனேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்த பேசல. அவன பாக்காத உள்ள போவ மாட்டேன்."

ஞாயிறன்று குமரன் போன் செய்தான். "நைட்டு ஒன்பதரைக்கு ஃபிளைட்டுப்பா, நேரா மெட்ராஸ். அங்க இறங்குற டைம்..."

"அத நான் கணக்கு போட்டுக்குறேன், நீ கெளம்பு" என்று வைத்துவிட்டேன். நான் நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்தவன். எட்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர், பத்து மணி நேரப் பறப்பு. நவம்பரிலிருந்து நான் கூட்டிவரும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஒரு மணிக்கு இறங்குவான். விமான நிலையச் சோதனை, கூடுவாஞ்சேரி நெரிசல் எல்லாம் சேர்த்து இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம்; ஆக இரண்டே முக்கால். நான்கு முறை கூட்டினேன். விடை மாறவில்லை.

திங்கள் காலை முழுவதும் வராந்தாவில் நடந்தேன். வார்டு ஆயா அதட்டினாள்: "யோவ் பெருசு, கம்முனு குந்து. நீ நடக்குற நடையில தரை தேஞ்சிடும்."

உட்கார்ந்தேன். "வேதகிரீஸ்வரா, ஒரு மணி நேரம் கொடு" என்று நூற்றெட்டு முறை சொல்லத் தொடங்கினேன். நாற்பதுக்கு மேல் எண்ணிக்கை தவறியது. எழுபத்து மூன்று வயதில் முதன்முறை. அழுதுகொண்டே எண்ணாமல் சொன்னேன்.

ஒன்று நாற்பதுக்கு யாரோ தோளைத் தொட்டார்கள். குமரன்! "எப்படிடா?"

"வருஷா வருஷம் கோடைக்கு தள்ளுற மாதிரி, நேத்து விடிகாலைல லண்டன்ல கடிகாரத்த ஒரு மணி முன்னாடி தள்ளிட்டாங்கப்பா. கோடைல வித்தியாசம் நாலரைதான். பன்னெண்டுக்கே இறங்கிட்டேன்."

அவனைக் கண்டதும் அவள், "இன்னாடா இப்டி எளச்சிட்ட? துன்றியா இல்லியா?" என்றாள். கையெழுத்துப் போட்டாள். தள்ளிக்கொண்டு போகும்போது என்னைப் பார்த்து, "உன் கணக்கு தப்பா பூட்ச்சா?" என்று சிரித்தாள்.

வெறும் கடிகாரம்தானே என்கிறார்கள் சிலர். நான் ஒரு மணி நேரம் கேட்டேன். கேட்பதற்கு ஒரு நாள் முன்பே அது கொடுக்கப்பட்டிருந்தது, என் கணக்கில்தான் இல்லை.

உங்கள் கணக்கில் வழி இல்லையென்றாலும் கேளுங்கள், அடியார்களே. போன பௌர்ணமிக்கு ராஜேஸ்வரியும் என்னோடு வேதகிரீஸ்வரர் மலைக்கு வந்தாள். எத்தனை படி ஏறிவிட்டு உட்கார்ந்தாள் என்று கேட்காதீர்கள். நான் எண்ணவில்லை.