ஆயுத பூஜைக்கு அணைத்த சர்வர்

அந்த பிளான்ட் மேனேஜரை எனக்கு இன்றும் பிடிக்காது. கோபம் ஆறிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆளாக சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் என்னை நிரந்தரமாக்க வேண்டும், கையெழுத்து அவருடையது. லைனில் வேலை பார்த்து மேலே வந்த உள்ளூர்க்காரர். ஆயுத பூஜைக்கு மெஷின்களை நிறுத்திப் பொட்டு வைத்துக்கொண்டே ஆட்களோடு சர்வர் அறைக்கும் வந்தார்.

"இத்த மட்டும் ஏன் ஓட வுட்டுகினு கீற? மெயினையே ஆஃப் பண்ணு. எல்லாத்துக்கும் ரெஸ்டு."

"வேண்டாம் சார், பழைய சர்வர். ரெண்டு வருசமா அணைச்சதே இல்ல."

"சாமிக்கு மேலயா உன் சர்வரு?"

அணைத்தேன். அதன் தலையில் சந்தனத்தை அப்பி, பொரி தின்றுவிட்டுப் போனார்கள்.

லீவு முடிந்த காலையில் ஒருவராலும் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் நுழைய முடியவில்லை. ரிமோட் டெஸ்க்டாப் திரை வரும், பாஸ்வேர்டு கேட்கும், தவறு என்று விரட்டும். பெட்டிகளுக்கு லேபிள் அடிக்க வழியில்லாமல் லாரி நின்றது. மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "இன்னாய்யா புடுங்கினு கீற?" என்று கத்திக்கொண்டே இருந்தார். சர்வரின் சொந்த அட்மின் கணக்கில் நேரடியாக நுழைந்து பாஸ்வேர்டை மாற்றினேன், சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓட்டினேன். பிடரியில் ஒருவன் மூச்சு விட்டால் எனக்கு மூளை ஓடாது.

கடைசியில் சர்வர் தானே எழுதி வைக்கும் லாகைப் படித்தேன். நேரம் பொருந்தவில்லை என்றிருந்தது. சர்வரின் தேதியோ பல வருடங்கள் பின்னால் போயிருந்தது. கரண்ட் இல்லாதபோது அதன் கடிகாரத்தை ஓட்டும் பொத்தான் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் தலைமை அலுவலக சர்வர் ஐந்து நிமிட வித்தியாசத்துக்கு மேல் பொறுக்காது. தேதியைத் திருத்தினேன். எல்லோரும் உள்ளே போனார்கள்.

"அணைச்சதுனாலதான் சார்" என்றேன், எல்லோர் முன்னாலும். அவர் முகம் கறுத்தது. தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

"பேட்டரிய செக் பண்ணாதது என் தப்புன்னு எழுது. ஹெட் ஆபீஸுக்கு ஒரு பேப்பர் காட்டணும், அவ்ளோதான். உன் கன்ஃபர்மேஷன நான் பாத்துக்கறேன்."

நம்பினேன், மடையன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மாதக் கடைசியில் கேட்கப் போனேன். ஃபைலைத் திறந்து அதே தாளை என் பக்கம் திருப்பினார்.

"நீயே கைப்பட எழுதிக் குடுத்துகீற. நான் இன்னா பண்றது?"